படிவத்தில் 'கூலி' என்று ஆங்கிலத்தில் எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வழக்கொழிந்து வரும் ஆங்கிலச் சொற்களைத் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வரிசையாக விளக்கி வருகிறீர்கள். அதில் 'கூலி' என்ற பெயர்ச்சொல்லுக்கு 'தினக்கூலித் தொழிலாளி. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல்' என்று ஒரே வரியில் பொருள் தந்திருந்தீர்கள். வரியைத் தப்பென்று தள்ள முடியாது. ஆனால் அதைப் படித்த மாணவர் அந்தச் சொல்லைத் தன் ஆங்கிலக் கட்டுரையில் எடுத்துப் போட்டால் வம்புதான். இன்றைய ஆங்கில அகராதிகள் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் 'பழைய வழக்கு' என்றும் 'புண்படுத்தும் சொல்' என்றும் இரண்டு குறிப்புகளைச் சேர்த்தே அச்சிடுகின்றன. தங்கள் பக்கத்தில் அந்த இரண்டும் விடுபட்டுப் போயின.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போய் ஆங்கிலம் கற்பிப்பவர்கள் இருக்கிறார்கள். ஊரில் இருந்தபடியே கணினி வழியாகச் சீன மொழி பேசும் மாணவர்களுக்கு வகுப்பெடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சொல் பெரிய இடக்கு. கற்பிப்பவர் தாய்மொழியில் ஒரு 'கூலி', கற்பவர் தாய்மொழியில் இன்னொரு 'கூலி', இரண்டுக்கும் நடுவே ஆங்கிலக் 'கூலி'. காதில் விழும்போது மூன்றும் ஏறக்குறைய ஒன்று. பொருளில் மூன்றும் மூன்று பக்கம் இழுக்கும். அதனால் நம்மூர் மாணவர்களையும் சீன மாணவர்களையும் சேர்த்தே மனத்தில் வைத்து எழுதுகிறோம்.

தமிழில் கூலி என்பது வேலைக்குக் கிடைக்கும் காசு. 619ஆம் குறளில் முயற்சி 'மெய்வருத்தக் கூலி தரும்'. லூக்கா 10:7இல் வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான். இரண்டு இடத்திலும் அது உழைத்தவனுக்குச் சேர வேண்டிய நியாயமான பங்கு. ஆளைக் குறிக்க வேண்டுமானால் தமிழ் ஓர் ஒட்டுப் போடும்: கூலியாள், கூலிக்காரர், கூலித் தொழிலாளி. 'எங்கப்பா கூலி வேலைக்குப் போறாவ' என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த 'போறாவ'வில் மரியாதை இருக்கிறது, கூலியில் குறை ஒன்றும் இல்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் நடந்த ஊர்வலத்தில், போலீஸ் தடியடிக்குப் பிறகு தாமிரவருணியில் 17 பேர் இறந்தார்கள். அன்று எழுப்பிய கோரிக்கைகளில் கூலி உயர்வும் ஒன்று. அந்தச் சொல்லை இந்த ஊரில் யாரும் வசவாகக் கேட்பதில்லை.

ஆங்கிலத்துக்குப் போன கூலி வேறு. அங்கே அது காசைக் குறிப்பதே கிடையாது, ஆளைத்தான் குறிக்கும். எண்ணக்கூடிய பெயர்ச்சொல், பன்மையில் 'கூலீஸ்'. நம் மாணவர்கள் செய்யும் முதல் பிழை இங்கேதான். 'ஒரு நாள் கூலி அறுநூறு ரூபாய்' என்பதை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதுவார்கள். படிக்கும் ஆங்கிலேயருக்கு அது 'ஒரு நாள் சுமைதூக்கி அறுநூறு ரூபாய்' என்று ஆளுக்கு விலை போட்டது மாதிரித் தெரியும். அங்கே எழுத வேண்டியது 'வேஜஸ்' அல்லது 'டெய்லி வேஜ்'.

வேஜஸ் என்ற ஒரே சொல் எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. தமிழ்க் கூலிக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் போதாது, இடத்துக்கு ஒன்று வேண்டும். ஆட்டோக்காரருக்குக் கொடுக்கும் வண்டிக்கூலி 'ஃபேர்'. லாரியில் சரக்கு அனுப்பக் கொடுக்கும் கூலி 'ஃபிரெய்ட்'. வாழைத்தார் ஏற்றி இறக்கும் கூலி 'லோடிங் அண்ட் அன்லோடிங் சார்ஜஸ்'. நகைக்கடைச் செய்கூலி 'மேக்கிங் சார்ஜஸ்', தையற்கூலி 'ஸ்டிச்சிங் சார்ஜஸ்'. பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பண்ணிக் கொடுப்பது 'பீஸ் ரேட்'. செய்தித்தாளில் அடிக்கடி வரும் 'கூலிப்படை'யை ஒரு மாணவர் 'கூலி ஃபோர்ஸ்' என்று மொழிபெயர்த்தால், மூட்டை தூக்குகிறவர்கள் அரிவாளோடு வந்ததாகப் பொருள் வந்துவிடும். அதற்கு 'ஹயர்டு கில்லர்ஸ்' என்பதே சரி. 'கூலிக்கு மாரடிக்கிறான்' என்பதற்கு ஆங்கிலத்தில் ஈடு தேடாமல், மனம் ஒட்டாமல் வேலை பார்க்கிறான் என்று விரித்து எழுதுவது நல்லது.

எழுத்திலும் ஒலியிலும் இரண்டு கண்ணி இருக்கின்றன. இன்று வழக்கமான எழுத்துக்கூட்டல் சி, ஓ, ஓ, எல், ஐ, இ. பழைய அரசு ஆவணங்களிலும் தோட்டக் கணக்குகளிலும் கடைசியில் ஐ, இ இருக்காது, ஒய் மட்டும் நிற்கும். அந்தப் பழைய வடிவத்தோடு இன்னோர் எல் சேர்ந்தால் 'பதற்றமில்லாமல்' என்று பொருள்படும் வினையடை ஆகிவிடும். அதில் 'ல்' சற்று அழுந்தி ஒலிக்கும், 'கூல்லி' என்பது போல. 'அவள் பதற்றமில்லாமல் பதில் சொன்னாள்' என்று எழுத வந்தவர் ஓர் எல்லை விட்டால் போதும், வாக்கியம் கெட்டது. சீன மாணவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். ஆங்கில 'கூல்' என்பதைச் சீன இளைஞர்கள் 'கூ' என்ற ஓரெழுத்தாக்கி அன்றாடம் பேசுகிறார்கள். அதனால் 'கூல்' என்பதன் செல்ல வடிவம்தான் 'கூலி' என்று ஊகித்து விடுகிறார்கள். நண்பனைப் பாராட்டுவதாக நினைத்து அப்படிக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி, இந்தச் சொல் எப்படிப் புண்படுத்தும் சொல்லாயிற்று என்பது. இந்தியாவில் வணிகம் செய்த ஐரோப்பியரின் எழுத்துகளில் 1600களிலேயே இது வந்துவிட்டது. அப்போது அன்றாடக் கூலிக்கு அமர்த்தும் சுமைதூக்கி, ஏவலாள் என்ற அளவில்தான் பொருள். நிறம் மாறியது 19ஆம் நூற்றாண்டில். 1834இல் மொரிஷியசுக்கு இந்தியத் தொழிலாளர்களை ஒப்பந்தத்தில் ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து அப்படித் தொழிலாளரை ஏற்றிப் போன 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பனில் கரை சேர்ந்தது. நேட்டாலில் கரும்புக்காட்டுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளரை மட்டும் கூலி என்றவர்கள், பிறகு சொந்தக் காசில் கப்பலேறி வந்த கடைக்காரரையும் கணக்குப்பிள்ளையையும் அவர்கள் பிள்ளைகளையும் அப்படியே அழைத்தார்கள். காந்தி அங்கே 'கூலி பாரிஸ்டர்'. முத்துசாமி, ராமசாமி என்று பெயர் முடிவதைப் பார்த்து இந்தியர் எல்லாரையும் 'சாமி' என்று இளக்காரமாகக் கூப்பிட்டதையும் அவர் எழுதியிருக்கிறார். கும்பிடும் சொல்லையே ஏச்சாக்கிவிட்டவர்கள் கூலியை மட்டும் விட்டுவைப்பார்களா? வேலையின் பெயர் இனத்தின் பெயரானது அப்படித்தான். தென்னாப்பிரிக்காவில் இன்று அது மிகக் கடுமையான இன வசை. கயானா, டிரினிடாடு போன்ற இடங்களிலும் இந்திய வம்சாவளியினரை வெளியார் அப்படிச் சொன்னால் அடிதடி வரும். வம்சாவளி எழுத்தாளர்கள் சிலர் வேண்டுமென்றே அந்தச் சொல்லைத் தமக்குச் சூட்டிக்கொள்கிறார்கள். அந்த உரிமை அவர்களுக்கு உண்டு, மற்றவர்களுக்கு இல்லை.

சீனர் கதையும் இதே காலத்தது. 1847இல் சியாமென் துறைமுகத்திலிருந்து கியூபாவுக்குச் சீனத் தொழிலாளர் கப்பல் போனது. 1874 வரை ஏறத்தாழ 1,25,000 பேர் கியூபாவுக்கும் ஏறத்தாழ 1,00,000 பேர் பெருவுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். தெற்குச் சீனத்தில் அந்த ஆள்பிடிப்புக்கு 'பன்றிக்குட்டி விற்பது' என்று பெயர். அமெரிக்காவில் 1862இல் கலிபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டத்தின் தலைப்பிலேயே 'சீனக் கூலி உழைப்பு' என்ற சொல் இருந்தது. வெள்ளைத் தொழிலாளரைக் காப்பது என்ற பெயரில் சீனர்மீது மாதம் இரண்டரை டாலர் வரி போட்டார்கள். சொந்தச் செலவில் தங்கம் தேடி வந்தவர்களும் அந்தப் பெயருக்குள் அடைபட்டார்கள். 1882இல் சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் நுழையவே தடை வந்தது. ஆகவே சீன அமெரிக்கர் ஒருவர் காதில் இந்தச் சொல் விழுந்தால் அவருக்கு இவ்வளவும் நினைவுக்கு வரும்.

விசித்திரம் என்னவென்றால், சீனத்துக்குள் இந்தச் சொல்லுக்கு அவ்வளவு கசப்பு ஏறவில்லை, எழுத்திலேயே கசப்பு இருந்தும். மாண்டரினில் அதை இரண்டு எழுத்தால் எழுதுகிறார்கள். முதல் எழுத்து 'கூ', கசப்பு அல்லது துன்பம். பாகற்காய்க்கும் இதே எழுத்துதான் முன்னால் வரும். இரண்டாவது 'லி', வலிமை. 'கூ'வைத் தாழ்த்தி எழுப்ப வேண்டும், 'லி'யை மேலிருந்து சட்டென்று இறக்க வேண்டும். ஒலிக்கு ஒலியும் பொருளுக்குப் பொருளும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதால் பல சீன மாணவர்கள் அது தங்கள் சொந்தச் சொல் என்றும் ஆங்கிலம் தங்களிடமிருந்து வாங்கியது என்றும் உறுதியாக நம்புகிறார்கள். வாதாட வேண்டாம். கியூபாக் கப்பலுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு முன்பே இந்தியக் கரையில் ஐரோப்பியர் அதை எழுதிவைத்திருக்கிறார்கள் என்று காலவரிசையைக் காட்டினால் போதும். அதே நேர்மை நமக்கும் வேண்டும். தமிழ்க் கூலியிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து, குஜராத் பக்கத்துக் 'கோலி' என்ற சமூகத்தின் பெயரிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. இரண்டும் கலந்திருக்கலாம் என்பாரும் உண்டு. நல்ல அகராதிகள் இரண்டையும் குறிப்பிடுகின்றன. தங்கள் குறிப்பில் 'தமிழிலிருந்து போன சொல்' என்று அறுதியிட்டுச் சொன்னதை 'தமிழிலிருந்து போயிருக்கக்கூடிய சொல்' என்று தளர்த்துவது நலம்.

சீன மாணவர் வாக்கியம் எங்கே வழுக்குகிறது என்பதுதான் ஆசிரியர்களுக்கு முக்கியம். சீனத்தில் இந்தச் சொல் ஆளைக் குறிக்கும், கடின உழைப்பையும் குறிக்கும். 'ட்சுவோ கூலி' என்றால் உடலுழைப்பு வேலை செய்வது. 'மாய் கூலி' என்றால் உடல் வலிமையை விற்றுப் பிழைப்பது. இவை போகப் பேச்சில் விளையாட்டாகவும் வரும்: 'நண்பன் வீடு மாறினான், இன்றைக்கு முழுக்க நான் அவனுக்குக் கூலி.' சீனத்தில் இது சிரித்துக்கொண்டே சொல்லும் அலுப்பு. சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் நண்பன் இவரை அடிமையாக வைத்திருந்தது போல ஒலிக்கும். அந்த இடத்தில் 'ஐ டிட் ஆல் தி ஹெவி லிஃப்டிங்' என்று எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும். மூட்டை தூக்காமல் கணினி முன்னால் உட்கார்ந்து மற்றவர் வேலையையும் சேர்த்துப் பார்த்த கதையானால் 'டாங்கி வொர்க்' என்பது பிரிட்டிஷ் பேச்சில் பொருந்தும்.

இரண்டாவது வழுக்கல் இலக்கணத்தில். சீனத்தில் பெயர்ச்சொல்லுக்குப் பன்மை உருபு கட்டாயமில்லை, எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே ஓர் அளவைச் சொல் வரும். அந்தப் பழக்கத்தில் 'மூன்று கூலி' என்று ஒருமையிலேயே விட்டுவிடுவார்கள். வரலாற்றுக் கட்டுரையில் அந்தச் சொல் மேற்கோளாக வந்தே தீர வேண்டிய இடத்தில் 'ஸ்' விட்டுப்போகாமல் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகளும் 'பத்துக் கூலியாள்' என்று தமிழில் ஒருமையில் பேசிப் பழகி இதே பிழையைச் செய்வார்கள் என்பதால் இரு பக்கத்தையும் ஒரே பயிற்சியில் திருத்திவிடலாம்.

மூன்றாவது, அகராதிச் செயலி. சீனச் சொல்லைத் தட்டினால் இந்த ஆங்கிலச் சொல் முதலில் வந்து நிற்கும். எச்சரிக்கைக் குறிப்பு சில செயலிகளில் இருக்காது, இருந்தாலும் கீழே உருட்டினால்தான் தெரியும். மாணவர் அவசரத்தில் முதல் வரியோடு திரும்பிவிடுவார். ஆங்கிலம் கற்போருக்கான ஒருமொழி அகராதியில் அதே சொல்லைத் திரும்பத் தேடவைப்பதே இதற்கு மருந்து. அங்கே 'பழைய வழக்கு, புண்படுத்தும்' என்ற அடையாளம் பொருளுக்கு முன்னாலேயே நிற்கும்.

வகுப்பில் இதை எப்படி நடத்துவது? மாணவரைச் சீனத்திலேயே மூன்று வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்: ஒன்று பழைய வரலாறு, ஒன்று இன்று கட்டட வேலை செய்யும் ஒருவர், ஒன்று தன்னைப் பற்றிய அலுப்பு. மூன்றிலும் அந்தச் சொல் வர வேண்டும். பிறகு மூன்றையும் ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மூன்றிலும் ஒரே ஆங்கிலச் சொல்தான் விழும். அப்போது ஒரு கேள்வி போதும்: இந்த வாக்கியத்தில் பேசுகிறவர் யார்? பழைய ஆவணம் பேசினால் சொல் மேற்கோள்குறிக்குள் இருக்கலாம். மாணவரே பேசினால் சொல்லை எடுத்துவிட்டு வேறு போட வேண்டும். எதிரே இருக்கும் ஆளைக் கூப்பிடுவதானால் எக்காரணம் கொண்டும் கூடாது. விதிமுறைகளை முதலில் எழுதிப்போட்டுவிட்டு வாக்கியம் கேட்டால் மாணவர் ஜாக்கிரதையாக அந்தச் சொல்லையே தவிர்த்துவிடுவார், பிழை வெளியே வராது. வாக்கியம் முதலில், விதி பிறகு என்ற வரிசையை மாற்ற வேண்டாம்.

மாற்றுச் சொல் தேர்வில் சீனமும் தமிழும் நன்றாகக் கைகோத்துக்கொள்ளும் ஓரிடம் உண்டு. கட்டட வேலையில் கொத்தனாருக்குக் கீழே கலவை எடுத்துக்கொடுக்கும் ஆளை நாம் சித்தாள் என்கிறோம். சிறு ஆள். சீனரும் அதே ஆளை 'ஷியாவ் கோங்', அதாவது சிறு வேலையாள் என்கிறார்கள். கைத்தேர்ச்சி உள்ளவர் 'தா கோங்', பெரிய வேலையாள். ஆங்கிலத்தில் முன்னவர் 'மேசன்ஸ் ஹெல்ப்பர்' அல்லது 'கன்ஸ்ட்ரக்‌ஷன் லேபரர்', பின்னவர் 'மேசன்'. மூட்டை தூக்குபவரைச் சீனத்தில் 'பான்யுன் கோங்' என்பார்கள், ஆங்கிலத்தில் 'போர்ட்டர்' அல்லது 'லோடர்'. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வேலை தேடிப் போனவர் 'நோங்மின் கோங்', அதற்கு 'மைக்ரன்ட் வொர்க்கர்'. இந்த நான்கைந்து சொற்களும் கையில் இருந்தால் 'கூலி' இல்லாமல் காரியம் நடந்துவிடும்.

வரலாறு எழுதும் இடத்தில் இன்னொரு கவனம். 'ஒப்பந்தத் தொழிலாளர்' என்பதற்கு 'இன்டென்ச்சர்டு லேபரர்' என்ற சொல் சரியாக இருக்கிறது. ஆனால் நேட்டால், மொரிஷியஸ், ஃபிஜி போன்ற இடங்களுக்கு ஒப்பந்தத்தில் போனவர்களுக்குத்தான் அது பொருந்தும். நம் மாவட்டத்தார் பெருவாரியாகப் போனது இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு. அங்கே ஆள் சேர்த்தவர் கங்காணி, முன்பணமும் கடனும்தான் கட்டு. மலாயாவுக்கும் ஒப்பந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டபின் கங்காணி முறையே நீடித்தது. அவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது 'பிளான்டேஷன் வொர்க்கர்' என்று சொல்லி, கங்காணி மூலம் போனதைச் சேர்த்தால் விஷயம் துல்லியமாகும். கங்காணி என்ற சொல்லும் ஆங்கில அகராதியில் உண்டு, அதற்கு இப்படி வசைப் பூச்சு ஏறவில்லை. பாட்டனார் பெயருக்கு முன்னால் பழைய தோட்டச் சிட்டையில் 'கூலி' என்று எழுதியிருந்தால் அதை அழிக்கவோ மாற்றவோ வேண்டாம். ஆவணத்தில் உள்ளது உள்ளபடி மேற்கோள்குறிக்குள் இருக்கட்டும், விளக்கம் நம் சொல்லில் வரட்டும். மொரிஷியசில் ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய படித்துறைக்குப் பழைய பெயர் 'கூலி காட்'. இப்போது 'ஆப்ரவாசி காட்', 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. இரண்டு பெயரையும் எழுத வேண்டிய இடத்தில் பழையதை 'முன்னாள் பெயர்' என்று காட்டினால் போதும்.

கூட்டுச் சொற்கள் சில இன்னும் கடைகளில் உலவுகின்றன. கூம்பு வடிவ ஓலைத் தொப்பிக்கு ஆங்கிலத்தில் 'கூலி ஹேட்' என்று பழைய பெயர், இப்போது 'கானிக்கல் ஹேட்'. அதே வடிவ விளக்கு மூடியையும் அந்தப் பெயரில் விற்றார்கள். இணையக் கடையில் பார்க்கும் மாணவர் அதை வடிவத்தின் பெயராக எடுத்துக்கொள்வார். தெரிந்து வைத்துக்கொள்ளலாம், தானாக எடுத்தாள வேண்டாம்.

இந்தியாவில் ரயில் நிலையச் சுமைதூக்குவோரைப் பயணிகள் கூலி என்றே கூப்பிட்டு வந்தார்கள். 2016 ரயில்வே பட்ஜெட்டில் அவர்களைச் 'சஹாயக்' என்று அழைப்பதாக அறிவித்தார்கள். நெல்லை ஜங்ஷனில் அந்தப் பெயர் வாயில் ஒட்டவில்லை. 'போர்ட்டர்' என்று கூப்பிட்டால் எல்லாருக்கும் புரிகிறது, ஆங்கிலத்திலும் அதுவே சரி.

இவ்வளவும் சொன்னது கடைசியாக ஒரு படிவத்துக்காக. பள்ளிச் சேர்க்கை, கல்வி உதவித்தொகை, வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பம் எல்லாவற்றிலும் 'தந்தை தொழில்', 'தாய் தொழில்' என்று இரண்டு கட்டம் உண்டு. நம் பக்கத்தில் அந்தக் கட்டத்தில் ஆங்கில எழுத்தில் 'கூலி' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எழுதிக்கொடுக்கும் கம்ப்யூட்டர் சென்டர்களும் கேட்காமலேயே அப்படித் தட்டிவிடுகின்றன. உள்ளூர் அலுவலகத்தில் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். வெளிநாட்டில் அதைப் படிப்பவர் மாணவர் தன் தந்தையையே இனவசையால் குறித்திருப்பதைப் பார்த்துத் திகைப்பார். இதைவிடப் பெரிய நட்டம் இன்னொன்று: அந்தச் சொல் வேலை என்ன என்பதையே சொல்வதில்லை. அம்பாசமுத்திரத்தில் நடவுக்குப் போகிறவர், தூத்துக்குடி உப்பளத்தில் வாருகிறவர், முக்கூடலில் பீடி சுற்றுகிறவர், கோவில்பட்டியில் தீப்பெட்டி அடைக்கிறவர், களக்காட்டில் வாழைத்தார் வெட்டுகிறவர் ஆகிய ஐந்து பேரும் அந்தக் கட்டத்தில் ஒரே ஆளாகிவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தமிழ்ப் படிவமானால் 'கூலித் தொழிலாளி' என்று தாராளமாக எழுதுங்கள், அல்லது வேலையின் பெயரையே எழுதுங்கள். ஆங்கிலப் படிவமானால், ஆண்டில் அதிக நாள் செய்யும் வேலை எது என்று பெற்றோரிடம் கேட்டு அதை எழுதுங்கள். வயல் வேலையானால் 'அக்ரிகல்ச்சுரல் லேபரர்', உப்பளமானால் 'சால்ட் பேன் வொர்க்கர்', பீடியானால் 'பீடி ரோலர்', தீப்பெட்டியானால் 'மேட்ச் ஃபேக்டரி வொர்க்கர்', பனை ஏறுபவரானால் 'பால்மைரா கிளைம்பர்'. கிடைத்த வேலைக்கெல்லாம் போகிறவரானால் 'டெய்லி வேஜ் வொர்க்கர்'. நல வாரிய அட்டையோ பீடித் தொழிலாளர் அடையாள அட்டையோ இருந்தால் அதில் எழுதியுள்ள தொழிலையே ஆங்கிலத்தில் எழுதுங்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று தனி உதவித்தொகை இருக்கிறது. அட்டையில் ஒரு தொழில், விண்ணப்பத்தில் 'கூலி' என்றிருந்தால் சரிபார்க்கும் இடத்தில் இழுத்தடிக்க வழி கொடுத்ததாகிவிடும். 'அன்ஸ்கில்டு' என்ற அடையை நீங்களாகச் சேர்க்காதீர்கள். படிவம் கேட்டால் மட்டும் போதும். ஒரு நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டவரைத் தேர்ச்சியில்லாதவர் என்று சொல்ல நமக்கு என்ன வந்தது?

தங்கள் மாணவர் பக்கத்தில் திருத்தம் வெளியிடுவதானால் கீழுள்ளபடி போடலாம் என்பது எங்கள் யோசனை:

கூலி (ஆங்கிலப் பெயர்ச்சொல், எண்ணக்கூடியது, பன்மை 'கூலீஸ்'). பழைய வழக்கு, இன்று புண்படுத்தும் சொல். ஆசிய நாடுகளில் குறைந்த சம்பளத்துக்கு உடலுழைப்புச் செய்தவர். இந்திய, சீன வம்சாவளியினர்மீது வீசப்பட்ட இன வசை. தமிழ்க் 'கூலி'யின் 'சம்பளம்' என்ற பொருள் ஆங்கிலத்தில் இல்லை, அதற்கு 'வேஜஸ்'. பழைய ஆவணத்தை மேற்கோள் காட்டும்போது மட்டும் பயன்படுத்துக. ஆளைக் குறிக்க அவர் செய்யும் வேலையின் பெயரை எழுதுக.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.